மகனே, கிளட்சுக்குத் தேங்காய் எண்ணெய் போடாதே

அன்புள்ள மகனுக்கு,

நீ இந்நேரம் மஸ்கட்டில் இறங்கி, பெட்டி சுற்றிவரும் பட்டையை முறைத்துக்கொண்டு நிற்பாய். போனை உயிர்ப்பித்ததும் நம் குடும்ப வாட்சப் குழுவில் முதலில் கண்ணில் படுவது இந்தக் கடிதமாகத்தான் இருக்கும். மகனுக்கு என்று போட்டிருக்கிறதே, நமக்கு ஒரே ஒரு மகள்தானே என்று குழம்பாதே. இது உனக்குத்தான், அப்பா. நான் பிறந்ததிலிருந்து நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “எம்மா சாப்பிட்டியா”, “எம்மா படிச்சியா”, “எம்மா அந்த ரிமோட்ட இங்க தா”. இத்தனை வருடம் அம்மா பதவியில் இருந்தும் அதற்குரிய அதிகாரத்தை ஒரு நாள்கூட நான் எடுத்துப் பார்த்ததில்லை. பிளஸ் டூ படிக்கிற பிள்ளை என்று அடக்கமாக இருந்துவிட்டேன். ஊருக்குப் போகிற மகனுக்குத் தாய் நாலு வார்த்தை சொல்லி அனுப்பவேண்டும். ஏர்போர்ட்டில் நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்ததால் சொல்ல முடியவில்லை. எனவே எழுதுகிறேன். உன் மனைவி முறைப்படி எனக்கு மருமகள் ஆகிறாள். ஆனாலும் படிக்கிறவர்களுக்குத் தலை சுற்றக்கூடாது என்பதால் அவளை மட்டும் அம்மா என்றே எழுதுகிறேன். ஏன் தனியாக அனுப்பாமல் குழுவில் போட்டேன் என்று கேட்பாய். நீதான் அட்மின், அழித்துவிடலாம். ஆனால் நீ தரையிறங்குவதற்குள் அத்தைமார் எல்லோரும் படித்து முடித்திருப்பார்கள்.

விஷயம் தெரியாத அத்தைமாருக்காக முதலிலிருந்தே சொல்கிறேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு நீ வந்து இறங்கிய வாரத்தில் அம்மாவுக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தது. சிதறால் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை. மணவாளக்குறிச்சியிலிருந்து அங்கே போக பஸ் மாறி மாறிப் பிடிக்கவேண்டும், கடைசி பஸ் அதற்குத் தோன்றினால் வரும். வீட்டிலோ ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது, அம்மாவிடம் லைசென்ஸும் இருக்கிறது. கணக்கு டீச்சருக்கு இது சின்னக் கூட்டல் கணக்கு. ஆனால் விடை வரவில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கத்திலும் ஒரு கிளட்ச் இருந்தது. அம்மா அமுக்குவதற்கு முன்னால் அவரே அமுக்கிவிடுவார். அதனால் அந்த லைசென்ஸில் பாதி மாஸ்டருடைய இடது காலுக்குச் சேரவேண்டியது. நம் வண்டியில் அம்மா தனியாக உட்கார்ந்தபோது கிளட்ச் “கீ...ச்ச்” என்று அழுதது, பாதி வழியில் அடம் பிடித்து நின்றது, வண்டி தவளை மாதிரி ஒரு துள்ளு துள்ளி உயிரை விட்டது. தினமும் இதே கதை. உடனே நீ ஒரு திட்டம் போட்டாய். காரை ராஜன் சித்தப்பாவுக்குக் கொடுத்துவிடலாம், அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கட்டும், நான் நாகர்கோவிலில் அத்தை வீட்டிலிருந்து படிக்கட்டும், வீட்டைப் பூட்டிவிடலாம். மூன்று பேர், மூன்று ஊர், ஒரு பூட்டு. நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். அன்றைக்கு நான் சேட்டை ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்ததைப் பார்த்து எனக்குக் காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அம்மா பழகியது விடியற்காலையில். ஊர் பார்க்கக்கூடாது என்பதற்காக, முற்றத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே நம் சந்தில். ஆனால் அந்தக் கீச்சுச் சத்தத்தில் ஊர் தானாகவே எழுந்து வந்து பார்த்தது. நீ வாசலில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று வர்ணனை கொடுப்பாய். “நீ பெடல்ல காலு வைக்கியா, பூ வைக்கியா? நல்லா சவுட்டு!” அம்மா கண்ணாடியை இறக்கிச் சொல்வாள், “சவுட்டிட்டுதான் இருக்கேன். எனக்க காலுக்கு ஒண்ணும் இல்ல, வண்டிக்குத்தான் வாதம்.” பத்து மணிக்கு மேல் நீ அதே காரை எடுத்துக்கொண்டு திங்கள்நகருக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவாய். லேசாக ஒரு முனகல் மட்டும்தான் கேட்கும். திரும்பி வந்து சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, “கிளட்சுக்கு ஒரு கொறையும் இல்ல கேட்டியா? காலுக்கு ஒரு பெலம் வேணும்” என்பாய். அம்மா மரச்சீனிக் கிழங்கை வெட்டுவாள். ஒவ்வொரு வெட்டுக்கும் கிழங்குக்குப் பதிலாக யாரை நினைத்துக்கொண்டாள் என்று உனக்குத் தெரிந்தால் நீ ராத்திரி சாப்பிட்டிருக்கமாட்டாய், மகனே.

நான் என் பங்குக்கு அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்தேன். ராகம் தாளம் எல்லாம் உண்டு அதில், கடைசியில் ஒரு சின்ன விக்கல்கூட. பிறகு அம்மா உன்னைக் கூப்பிடும்போது உன் போனில் அதுதான் அடிக்கிற மாதிரி வைத்தேன். ராஜன் சித்தப்பா வீட்டுக் குழந்தையின் ஞானஸ்நான விருந்தில் நீ பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாய். அம்மா பந்தலின் அந்தக் கோடியிலிருந்து உன்னைக் கூப்பிடுகிறாள். உன் சட்டைப் பையில் “கீ...ச்ச்”. நீ போனை எடுக்கவில்லை. மேசைக்கு அடியில் உன் இடது கால் தானாக எழும்பி, இல்லாத கிளட்சை மிதித்தது. பக்கத்து நாற்காலிக்காரர் காலை இழுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, “இதுக்குப் பேரு விளையாட்டா எம்மா?” என்று நீ கத்தினாய். அந்த நேரத்தில்கூட எம்மாதான். சரி என்று உன் போனிலிருந்து எடுத்துவிட்டேன். என் போனிலிருந்து எடுக்கவில்லை.

சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் வந்து காரைக் கொண்டுபோவதாக முடிவாயிற்று. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை நான் தலைக்கு எண்ணெய் வைக்கப் போனேன். பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து வெள்ளைச் சுவர் மாதிரி நின்றது. எப்போதும் போல வெயிலில் வைத்துவிட்டு மறந்துபோனேன். மதியம் போய்ப் பார்த்தால் தண்ணீராக ஆடுகிறது. பாட்டிலும் கையுமாக அப்படியே நின்றேன். காலையில் கெட்டி, மதியம் இளக்கம். காலையில் அம்மா, மதியம் நீ. இந்த வீட்டில் இதே நேர அட்டவணையில் நடந்துகொள்வது இன்னொன்று இருக்கிறதே! அதோடு சேர்த்துப் போன வருடம் ஞாபகம் வந்தது. நீ மஸ்கட்டுக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம் வழக்கம்போல மூன்று பேரும் முட்டம் கடலுக்குப் போனோம். நீ முங்கிக் குளித்தாய், துவர்த்துத் துண்டை மணலில் விரித்துப் படுத்தாய், போகமாட்டேன் போகமாட்டேன் என்று அதிலேயே உருண்டாய். திரும்பி வரும் வழியில் கிளட்ச் முதன்முதலாகச் சத்தம் போட்டது. வீட்டுக்கு வந்ததும் நீ அடுக்களையிலிருந்து எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்து, காரில் தலைகீழாகக் கிடந்து, பெடல் தொங்குகிற இடத்திலும் கேபிள் நுழைகிற உறையிலும் கைநிறைய ஊற்றினாய். துடைத்தது எதனால்? தோளில் கிடந்த அதே துவர்த்தால். டார்ச் பிடித்தவள் நான். சத்தம் உடனே நின்றது. “பாத்தியா? ஒர்க் ஷாப்காரன் ஒரு நாள் எடுப்பான்” என்று நீ கையைத் தலையில் தேய்த்துக்கொண்டாய்.

இதை நான் வந்து சொன்னபோது நீ பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. “தேங்கா எண்ணெய் போட்டா கேடு வருமா? கேட்டுக்கு எது போடுறோம்? தையல் மிஷினுக்கு எது போடுறோம்? உனக்க தலைக்கு எது போடுறோம்?”

“எனக்க தலைய யாரும் சவுட்டலப்பா.”

“அதுக்கும் ஆள் வரும்.”

அம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரித்தது உன் பக்கமா என் பக்கமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நீ ஜெயித்துவிட்டதாக நினைத்துக் காலை ஆட்டிக்கொண்டு படித்தாய். இந்த ஜில்லாவில் தேங்காய் எண்ணெயைக் குறை சொன்னால் சாட்சிக்குக்கூட ஆள் வராது என்று எனக்குப் புரிந்தது. உன்னைப் பேசி நம்பவைக்க முடியாது, உட்காரவைத்துத்தான் நம்பவைக்க வேண்டும். அதுவும் விடியற்காலையில், கிளட்சுக்கு முன்னால். தூக்கத்திலிருந்து உன்னை எழுப்பக்கூடிய ஒரே பொருள் மீன். அன்று சாயங்காலம் உனக்குக் கேட்கிற மாதிரி போனில் யாருமே இல்லாமல் பேசினேன். “அப்படியா, முட்டத்துலயா? வெளுப்பாங்காலத்துலயா? அவ்வளவு பெரிய நெய்மீனா? அப்பாட்ட சொல்லாண்டாம், அவங்களுக்குக் காலைல எழும்ப முடியாது.” போனுக்கு அந்தப் பக்கம் இருந்தது என் கற்பனை, இந்தப் பக்கம் இருந்தது உன் காது.

மறுநாள் விடியுமுன் நீ பையோடு காரில் ஏறினாய். நானும் அம்மாவும் வாசலில் சாயா டம்ளரோடு இருந்தோம், கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்த மாதிரி. முதல் சவுட்டு: கீ...ச்ச். வண்டி துள்ளியது, செத்தது. இரண்டாவது சவுட்டு: அதே கீச்சு, அதே துள்ளு. மூன்றாவது முறை நீ ஸ்டியரிங்கைப் பிடித்து உடம்பையே தூக்கி நின்று மிதித்தாய். ஹாரன்தான் அடித்தது. எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. அம்மா சாயாவை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, மிகவும் அமைதியாக, பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சைப் பார்த்துக் கேட்கிற குரலில் கேட்டாள்: “காலு வைக்கியளா, பூ வைக்கியளா?”

நீ காரிலிருந்து இறங்கினாய். அந்த முகத்தை நான் போட்டோ எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அதுதான் இந்தக் குழுவின் முகப்புப் படம். “ராத்திரி சரியா ஒறங்கல்ல. காலு மரத்துப்போச்சு” என்றாய். பிறகு பையை என் கையில் தந்துவிட்டு, காரையே பார்த்துக்கொண்டு நின்றாய். “இந்தச் சவத்தயா தினமும் இவ...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாய். மகனே, உன்னைப் பற்றி எனக்கு எத்தனையோ புகார் உண்டு. ஆனால் அந்த வாக்கியத்தை நீ முடிக்காமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாயே, அந்தப் பார்வைக்காக உனக்கு மன்னிப்பில் பாதி அங்கேயே கொடுத்தாகிவிட்டது. மீதிப் பாதி கொடுப்பதற்கு, “நெய்மீன் போச்சே” என்று நீ பின்னால் சொன்னது தடையாக இருந்தது.

சனிக்கிழமை காலை வேலை ஆரம்பித்தோம். போனில் ஒரு வீடியோவைப் பத்துத் தடவை ஓடவிட்டுப் பார்த்ததில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: பெடல் மேலே ஒரு போல்ட்டில் ஊஞ்சல் மாதிரித் தொங்குகிறது. போல்ட்டுக்கும் அதற்கும் நடுவே பிளாஸ்டிக் வளையம், அதற்குப் பெயர் புஷ். பெடலின் மேல்முனையில் கொக்கி மாட்டிய கேபிள் உறைக்குள் ஓடி எஞ்சின் பக்கம் போய், கியர்பாக்ஸ் மேலே உள்ள ஒரு நெம்புகோல் கையை இழுக்கிறது. மூன்றில் யார் குற்றவாளி என்று தெரியாமல் எல்லாவற்றையும் கழற்றினால் மாட்டும்போது ஒன்று மிஞ்சும். எனவே ஒவ்வொருவராக விசாரணை. நீ பானெட்டைத் திறந்து கியர்பாக்ஸ் பக்கத்து முனையைக் கழற்றினாய். அந்தக் கையை விரலால் தள்ளிப் பார்த்தாய், சாதுவாக அசைந்தது. அது நிரபராதி. அம்மா உட்கார்ந்து பெடலைக் கையால் அமுக்கினாள். இழுக்க ஒரு பாரமும் இல்லாதபோதும் அது முறுக்கிக்கொண்டுதான் இறங்கியது, கீச்சும் கூடவே வந்தது. பிறகு நீ ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து கிடந்து பெடல் பக்கத்துக் கொக்கியையும் எடுத்தாய். உன் கால் இரண்டும் கதவுக்கு வெளியே, வயிறு சீட்டின் விளிம்பில், தலை எங்கே போயிற்று என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். இப்போது பெடலைத் தனியாக ஆட்டினால் சத்தம் மட்டும் வந்தது, கனம் இல்லை. கேபிளைத் தனியாக இழுத்தால் சத்தம் இல்லை, ஆனால் ஆறிப்போன பாயசத்துக்குள் கயிறு இழுக்கிற மாதிரி வந்தது. கத்துகிறவன் ஒருவன், முரண்டு பிடிக்கிறவன் இன்னொருவன். இதுவரை பழி வாங்கியதோ அம்மாவின் கால்.

“டார்ச்ச நேராப் பிடி எம்மா!”

“நேராத்தான் இருக்கு. நீங்கதான் கோணலா கெடக்குதிய.”

“அந்தப் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரத் தா.”

“இது பதினாலு.”

“நான் கேட்டது பன்னிரண்டு.”

“பெட்டில இருக்கது பதினாலுதான். பன்னிரண்ட வச்சு நீங்க போன லீவுல மாங்கா எறிஞ்சிய.”

அம்மா எதிர்வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டாம் நம்பரை இரவல் வாங்கிவந்தாள். போல்ட் வெளியே வந்தது. புஷ் ஒரு பக்கம் தேய்ந்து, பிறை நிலா மாதிரி இருந்தது. அதன் மேல் பூராவும் மஞ்சளும் கறுப்புமாக ஒரு பசை. எண்ணெய் பழசாகிப் பிசினாகியிருந்தது. கறுப்பு எது? நீ துரு என்றாய். அம்மா கார்பன் என்றாள். எனக்குச் சந்தேகம். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து நான் எடுத்துவைத்திருக்கும் காந்தத்தைக் கொண்டுவந்தேன். பசையை மண்ணெண்ணெயில் கரைத்து, அடியில் தங்கியதை ஒரு காகிதத்தில் காயவைத்து, கீழே காந்தத்தைப் பிடித்தேன். கறுப்பு எல்லாம் முள்ளம்பன்றி மாதிரிச் சிலிர்த்து எழுந்து நின்றது. மணவாளக்குறிச்சிப் பிள்ளைக்கு அதற்கு மேல் சொல்லித்தர வேண்டுமா? கடற்கரைக் கறுமணல். சின்ன வயதிலிருந்து காந்தத்தை வைத்து நான் ஆடவைத்திருக்கும் அதே மணல். போன வருடம் நீ உருண்ட துவர்த்திலிருந்து அது எண்ணெயோடு சேர்ந்து உள்ளே போய், ஒரு வருடமாக அரைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

நீ தரையில் உட்கார்ந்து, காகிதத்தைக் கையில் வாங்கி, காந்தத்தை மெதுவாக நகர்த்திப் பார்த்தாய். மணல் உன் பின்னாலேயே வந்தது. “போவாண்டாம்னு அண்ணைக்கு உருண்ட மண்ணு” என்றாய். நான் ஒரு நல்ல கேலி தயாராக வைத்திருந்தேன், அதை விழுங்கிவிட்டேன். அம்மா உன் தோளில் ஒரு தட்டுத் தட்டி, “உருண்டது போதும், போய்ப் புதுக் கேபிள் வாங்கிட்டு வாங்க. நாளைக்கு வண்டிக்கு ஆள் வருது” என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தில் மூன்று பேரும் எழுந்துவிட்டோம்.

தக்கலையில் போய்ப் புதுக் கேபிளும் புஷ்ஷும் ஒரு டப்பி கிரீஸும் வாங்கிவந்தோம். பழைய பிசினை மண்ணெண்ணெய் வைத்துத் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. புதுத் துணியால் துடைக்கிறாயா என்று நான் மேற்பார்வை பார்த்தேன், உன் தோளில் கிடந்த துவர்த்தை முதலிலேயே பறிமுதல் செய்துவிட்டேன். புஷ்ஷுக்குக் கிரீஸ் வைத்து போல்ட்டை ஏற்றினாய். கேபிளை நெளியாமல் வளைத்து மாட்டினாய். கியர்பாக்ஸ் பக்கத்து நட்டைத் திருகித் திருகி, பெடல் முதலில் கொஞ்சம் சும்மா இறங்கி அதற்குப் பிறகு பிடிக்கிற மாதிரி வைத்தாய். இறுக்கிவைத்தால் கிளட்ச் எப்போதும் பாதி அமுங்கியபடி தேய்ந்துபோகும் என்று வீடியோக்காரர் சொன்னதை நீயே கண்டுபிடித்தது போல அம்மாவுக்கு விளக்கினாய். எல்லாம் முடிந்ததும் உன் கை தானாக அடுக்களைப் பக்கம் நீண்டது. “ஒரு சொட்டு மட்டும்... ஒரு இதுக்கு.” நானும் அம்மாவும் ஒரே குரலில் “அப்பா!”, “இஞ்ச பாருங்க!” என்று கத்தினோம். கையை இழுத்துக்கொண்டு தலையில் தடவிக்கொண்டாய்.

ஞாயிறு விடியற்காலையில் நான் முதலில் போய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். கல். நல்ல குளிர். அதுதான் வேண்டும். அம்மா காரில் ஏறிக் கிளட்சை மிதித்தாள். சத்தம் இல்லை. இன்னொரு முறை மிதித்தாள். இல்லை. “போயிட்டுதா?” என்று கேட்டாள், யாரோ விருந்தாளியைப் பற்றிக் கேட்பது போல. வண்டியைப் பின்னால் எடுத்து ரோட்டில் திருப்புகிறபோது கேட்டுக்கு முன்னால் ராஜன் சித்தப்பா நின்றார். கோயில் முடிந்து வருகிறேன் என்றவர் ஆசை தாங்காமல் கோயிலுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கையில் பூட்டு மாதிரிப் பெரிய ஒரு சாவி வளையம்.

“அண்ணி, வண்டிய எனக்க வீட்டுக்கே கொண்டு தாறியளா?”

“சிதறாலுக்குப் போறேன் தம்பி. அங்க உள்ள ஏத்தம் ஏறிட்டா வண்டி எனக்கு. ஏறல்லன்னா அங்கேயே வச்சு உங்களுக்கு. ஏறுங்க.”

இப்படி ஒரு பந்தயத்தை அம்மா உன்னிடம்கூடக் கேட்காமல் போடுவாள் என்று நீ நினைக்கவில்லை. நீ முன்சீட்டில், நானும் சித்தப்பாவும் பின்னால். சித்தப்பா வழி முழுவதும் சீட்டைத் தட்டிப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றி இறக்கினார், சொந்த வண்டி மாதிரி. மலைக்கோயிலுக்குத் திரும்புகிற இடம் தாண்டியதும் பள்ளிக்கூடத்து ஏற்றம். ஏற்றத்தின் நடுவில் ஒரு ரப்பர் லாரி குறுக்கே நின்று பின்வாங்கிக்கொண்டிருந்தது. அம்மா நிறுத்தவேண்டியதாயிற்று. பின்னால் ஒரு பஸ் வந்து மூக்கை ஒட்டி நின்றது. லாரி விலகியது. அம்மா பழைய பழக்கத்தில் முழு பலத்தையும் கொடுத்து மிதித்து, பழைய பழக்கத்தில் பட்டென்று விட்டாள். புதுக் கிளட்சுக்கு அவ்வளவு வேண்டாமே! வண்டி துள்ளிச் செத்தது. பஸ் ஹாரன் அடித்தது. சித்தப்பா, “பரவால்ல அண்ணி” என்றார், ரொம்பச் சந்தோஷமாக.

மகனே, அந்த நேரத்தில் நீ வாயைத் திறந்தாய். நான் பின்னால் இருந்து உன் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாக நீ சொன்ன அத்தனையும் அந்தத் தொண்டையில் வரிசையில் நின்றது எனக்குத் தெரியும். நீ வாயைப் பொத்திக்கொண்டாய், உண்மையாகவே கையால். அம்மா கைப்பிரேக்கை இழுத்தாள், பெடலை இரண்டு தடவை சும்மா மிதித்துப் பார்த்தாள், செருப்புக் கடையில் புதுச் செருப்பைப் போட்டு நடந்து பார்ப்பது மாதிரி. “ஓ, இவ்வளவுதானா?” என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு மிதித்தபடியே சாவியைத் திருப்பி, பைய, பைய விட்டாள். வண்டி ஒரு நடுக்கம் நடுங்கியது, கைப்பிரேக்கை இறக்கினாள், ஏறியது. பள்ளிக்கூடத்துக் கேட் வரை ஒரே மூச்சில் ஏறியது. சித்தப்பா கண்ணாடியை இறக்குவதை நிறுத்திவிட்டார். நீ இன்னும் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். உன் கண்ணைப் பற்றி இந்தக் குழுவில் எழுதமாட்டேன், அது தாய்க்கும் மகனுக்கும் உள்ளது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சித்தப்பா பஸ்ஸில் திரும்பிப் போகிறேன் என்று வீம்பு பிடித்து, பஸ் வராததால் நம்மோடுதான் வந்தார். நேற்று சாயங்காலம் வழக்கம்போல முட்டம் போனோம், இந்த முறை அம்மா ஓட்டினாள். நீ மறுபடியும் உருண்டாய். உருண்டுகொள், உன்னைத் தடுக்கவில்லை. ஆனால் காரில் ஏறுமுன் நான் குடத்துத் தண்ணீரோடு கதவுப் பக்கம் நின்றேன். காலைக் கழுவாமல் ஒருவரையும் ஏற்றவில்லை, துவர்த்து தனிப் பையில் டிக்கியில் பயணம் செய்தது. இன்று விடியுமுன் திருவனந்தபுரம் வரைக்கும் அம்மா ஓட்டினாள். நீ பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, அவள் ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் இல்லாத கிளட்சை இடது காலால் மிதித்துக்கொண்டே வந்தாய். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஆக உனக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது.

இனி உனக்குத் தாயின் வார்த்தைகள். அங்கே நேரத்துக்குச் சாப்பிடு. அறைக்கதவு கிறீச்சிட்டால் கிரீஸ் போடு, தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும். உன்னிடம் வேலை பார்க்கிற பையன் யாராவது ஒரு வேலையைச் செய்யமுடியாமல் திணறினால், அவன் கை சரியில்லை என்று சொல்லும் முன்னால் அவன் செய்கிற நேரத்தில் அவன் இடத்தில் நீயே ஒருமுறை உட்கார்ந்து பார். போனில் நெய்மீன் என்று யார் பேசினாலும் நம்பாதே.

இன்னும் ஒன்று. உன்னை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, களியக்காவிளை தாண்டும் வரை கார் அவ்வளவு அமைதியாக ஓடியது, எனக்கே என்னவோ போல இருந்தது. பிறகு அம்மா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள், “ஏட்டி, அந்தச் சத்தத்த அழிச்சிட்டியா?”

“எந்தச் சத்தத்த?”

“கிளட்சுக்க சத்தத்த.”

“இல்லம்மா. எனக்க போன்ல கெடக்கு.”

“எனக்க போன்ல போட்டுத் தா. அப்பா கூப்பிடும்போ மட்டும் அடிக்கணும்.”

போட்டுக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை அவள் சிதறாலுக்குப் போகிறாள், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் என் அறையில் இருந்துதான் பரீட்சைக்குப் படிக்கப்போகிறேன். வீட்டைப் பூட்ட நீ வாங்கிவைத்த பூட்டு இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. பெட்டி கிடைத்ததும் கூப்பிடு, மகனே. இங்கே கீச்சென்று கேட்கும். நாங்கள் எண்ணெய் எடுக்க ஓடமாட்டோம், போனை எடுக்க ஓடுவோம்.

இப்படிக்கு,
நீ எம்மா என்று கூப்பிடுகிறவள்